எண் முன்னே, வினை பின்னே: பழைய ஹெச்பி பாக்கெட் கால்குலேட்டரை வாங்கிப் பழக ஒரு முழு வழிகாட்டி

"மூன்றையும் நான்கையும் கூட்டு. வந்ததை ஐந்தால் பெருக்கு." வாய்க்கணக்கு சொல்லித் தந்த யாரைக் கேட்டாலும் இந்த வரிசையில்தான் சொல்வார்கள். எண்கள் முதலில் வரும், அவற்றை என்ன செய்வது என்பது கடைசியில் வரும். காகிதத்தில் எழுதும்போதுதான் 3 + 4 என்று குறியை நடுவில் செருகுகிறோம். அது பள்ளிக்கூடம் பழக்கியது.

1972-இல் தொடங்கி ஹெச்பி நிறுவனம் செய்த சயின்டிஃபிக் கால்குலேட்டர்கள் நம் வாய்க்கணக்கின் வழியில் நடப்பவை. 3, என்டர், 4, கூட்டல். விடை 7. சமக்குறிக்குப் பட்டன் கிடையாது, அடைப்புக்குறிக்கும் கிடையாது. யான் வூக்காசியேவிச் என்ற போலந்துத் தர்க்கவியலாளர் 1920-களில் குறியை எண்களுக்கு முன்னால் போட்டு எழுதும் முறை ஒன்றை வகுத்தார். அதைத் திருப்பிப்போட்டது இது என்பதால் 'ரிவர்ஸ் போலிஷ்' என்று பெயர், சுருக்கமாக ஆர்.பி.என். மேல்நாட்டில் இதைப் பழகியவர்கள் எல்லோரும் "முதலில் தலை சுற்றியது" என்கிறார்கள். எனக்குச் சுற்றவில்லை. வினைச்சொல்லைக் கடைசியில் வைத்துப் பேசியே வளர்ந்தவனுக்கு இதில் தலைகீழாக என்ன இருக்கிறது?

நான் கட்டட வேலை பார்ப்பவன். பல வருடங்களாக என் மேசையில் ஒரு ஹெச்பி-15சி இருக்கிறது. போனிலேயே எல்லாம் இருக்க இது எதற்கு என்று கேட்காத ஆள் இல்லை. அப்படிக் கேட்டுவிட்டுக் கையில் வாங்கிப் பார்த்தவர்களில் சிலர் பிறகு தாங்களும் ஒன்று வாங்கினார்கள். எதை வாங்குவது, எப்படிச் சோதிப்பது, எப்படிப் பழகுவது என்று அவர்களுக்குத் துண்டுதுண்டாகச் சொன்னதைத்தான் இங்கே ஒழுங்காக எழுதுகிறேன்.

வாங்கும் முன் கொஞ்சம் கதை

1968-இல் ஹெச்பி 9100ஏ என்று ஒரு மேசைக் கால்குலேட்டர் வந்தது. டைப்ரைட்டர் அளவு இருக்கும். நிறுவனர்களில் ஒருவரான பில் ஹியூலெட்டுக்கு அது சட்டைப் பையில் நுழைய வேண்டும் என்று ஆசை. இவ்வளவு விலை கொடுத்து யாரும் வாங்க மாட்டார்கள் என்று சந்தை ஆய்வு சொன்ன பிறகும் அவர் விடவில்லை. 1972-இல் ஹெச்பி-35 வந்தது. 35 பட்டன்கள், அதனால் அந்தப் பெயர். விலை 395 டாலர். சைன், காஸ், லாக் எல்லாம் செய்யும் முதல் கையடக்கக் கால்குலேட்டர் அதுதான். அதுவரை பொறியாளர்கள் கையில் இருந்தது ஸ்லைடு ரூல், நடுச்சட்டத்தை நகர்த்திக் கணக்குப் பார்க்கும் அளவுகோல். அதில் மூன்று இலக்கத்துக்கு மேல் நம்ப முடியாது. ஹெச்பி-35 பத்து இலக்கம் காட்டியது. சில ஆண்டுகளிலேயே ஸ்லைடு ரூல் செய்த கம்பெனிகள் கடையைக் கட்டின. நம் ஊரில் பிளஸ் டூ வகுப்பில் லாக் டேபிளைப் புரட்டிய தலைமுறைக்கு இதன் அருமை தெரியும். ஆன்டிலாக்கில் வரிசை மாறி விடையைக் கோட்டைவிடாத ஆள் உண்டா?

அவ்வளவு சின்ன சிப்புக்குள் சைன் எப்படி வந்தது என்பது தனிக் கதை. ஜாக் வோல்டர் என்பவர் 1959-இல், விமான வழிகாட்டுக் கருவிக்காக, கார்டிக் என்ற உத்தியை வெளியிட்டார். கோணத்தைத் தெரிந்த சிறு சிறு கோணங்களாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் திருப்பிக்கொண்டே போவது. கூட்டல், கழித்தல், இலக்கத்தை நகர்த்துவது, இவை மட்டும் தெரிந்தால் போதும். பெருக்கத் தெரிய வேண்டியதில்லை. ஹெச்பி-35 சைன் போடுவது இந்த வழியில்தான்.

அதில் ஒரு பிழையும் இருந்தது. 2.02-க்கு இயல் மடக்கை எடுத்து, உடனே அதன் எதிர்வினையான அடுக்குக்குறியைப் போட்டால் 2.02 திரும்பி வர வேண்டும். முதலில் வந்த கருவிகள் 2 என்று காட்டின. நிறுவனம் மாற்றித் தருவதாகச் சொன்னது. பலர் கொடுக்காமல் வைத்துக்கொண்டார்கள். இன்று சேகரிப்பவர்கள் அந்தப் பிழை உள்ள கருவியைத்தான் தேடி அலைகிறார்கள்.

1974-இல் காந்த அட்டையில் புரோகிராம் பதியும் ஹெச்பி-65 வந்தது. 1975-இல் அப்போலோ-சோயுஸ் பயணத்தில் அதுவும் விண்வெளிக்குப் போனது. 1979-இல் வந்த 41சி எழுத்துகளையும் காட்டும். முதலில் பறந்த ஸ்பேஸ் ஷட்டில்களில் அதைக் கொண்டுபோனார்கள். 1981, 82-இல் வந்தது 'வாயேஜர்' குடும்பம்: 10சி, 11சி, 12சி, 15சி, 16சி. படுக்கைவாட்டில் பிடிக்கும், சட்டைப் பையில் அடங்கும் மெல்லிய கருவிகள். என் பேச்சு இனிமேல் இந்தக் குடும்பத்தைப் பற்றித்தான், குறிப்பாக 15சி பற்றி. நான் நன்றாக அறிந்தது அது.

முதல் படி: எது வேண்டும் என்று முடிவு செய்வது

அலமாரியில் வைத்து அழகு பார்க்க என்றால் சிவப்பு எழுத்து ஒளிரும் எழுபதுகளின் கருவிகள் சரி. ஹெச்பி-35, 45, 25 எல்லாம் அந்த வகை. இருட்டறையில் அதன் அழகே தனி. ஆனால் நிக்கல்-காட்மியம் பேட்டரிக் கட்டு அநேகமாகச் செத்திருக்கும், அதைப் புதிதாகக் கட்ட வேண்டும். ஒரு முக்கிய எச்சரிக்கை: ஹெச்பி-25-உம் அதன் கூடப் பிறந்தவையும் பேட்டரி இல்லாமல் சார்ஜரில் மட்டும் ஓடக் கூடாது. மின்னழுத்தம் கூடி உள்ளே சிப் எரிந்துவிடும். 'வேலை செய்கிறதா பார்ப்போம்' என்று செருகிப் பார்த்தே நிறையக் கருவிகள் செத்திருக்கின்றன.

தினமும் பயன்படுத்த என்றால் வாயேஜர் குடும்பம்தான். இங்கே நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை, படத்தில் ஒரே மாதிரி இருக்கிறதே என்று 12சி-யை வாங்கிவிட்டேன். வந்த பிறகு சைன் பட்டனைத் தேடினால் இல்லை. 12சி வட்டி, தவணை, பத்திரக் கணக்குக்கானது; 1981-இல் வந்து இன்றுவரை விற்பனையில் இருக்கிறது. எண்பதுகளின் கருவிகளில் முகத்தகடு தங்க நிறமாக இருந்தால் 12சி, வெள்ளி நிறமாக இருந்தால் மற்றவை. 16சி கம்ப்யூட்டர்காரர்களுக்கு, இருநிலை எண்களோடு மல்லுக்கட்ட. 11சி சாதாரண சயின்டிஃபிக். 15சி அதற்கு அண்ணன்: அணிகள், கலப்பெண்கள், சமன்பாட்டுத் தீர்வு, தொகையிடல், எல்லாம் 1982-லேயே. அதன் எண்கணிதத்தில் வில்லியம் கஹானின் கை உண்டு. பிற்காலத்தில் கம்ப்யூட்டர்களின் மிதவைப்புள்ளிக் கணக்குத் தரத்துக்காக 1989-இல் டூரிங் விருது பெற்ற அதே கஹான்.

15சி தயாரிப்பு 1989-இல் நின்றது. கேட்டவர்கள் கேட்டுக்கொண்டே இருந்ததால் 2011-இல் ஒரு முறையும் 2023-இல் ஒரு முறையும் மறுபடி வெளியிட்டார்கள். புதியவை நூறு மடங்குக்கு மேல் வேகம். ஆனால் பட்டன் அழுத்தும் சுகம் எண்பதுகளின் கருவியில்தான். சுவிஸ்மைக்ரோஸ் என்ற சுவிஸ் கம்பெனியும் இதே வடிவில் நகல் செய்திருக்கிறது.

காசு செலவழிக்கும் முன் பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டுமா? போனில் ஃப்ரீ42 என்ற செயலியை இறக்குங்கள். இலவசம்தான். 1988-இல் வந்த ஹெச்பி-42எஸ் போலவே நடந்துகொள்ளும். ஒரு வாரம் அதில் பழகிவிட்டு, பிடித்திருந்தால் மேலே படியுங்கள்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பொறியியல் கல்லூரி மாணவர் என்றால் உங்களுக்குத் தேவை கேசியோ எஃப்எக்ஸ்-991 வரிசைதான். தேர்வறையில் புரோகிராம் எழுதும் கருவிகளை விட மாட்டார்கள், 15சி-யில் புரோகிராம் எழுதலாம். தேர்வுக்குக் கேசியோ, அதற்குப் பிறகு வரும் வாழ்க்கைக்கு இது.

இரண்டாம் படி: விற்பவரின் படத்தைப் படிப்பது

பின்பக்கப் படம் கேளுங்கள். அதில் ஒரு வரிசை எண் இருக்கும், 2234ஏ என்று தொடங்கி மேலும் ஐந்து இலக்கம் போல. முதல் இரண்டு இலக்கத்தோடு 60 கூட்டினால் தயாரித்த ஆண்டு: 22-உம் 60-உம் 82, அதாவது 1982. அடுத்த இரண்டு இலக்கம் அந்த ஆண்டின் வாரம், இங்கே 34. எழுத்து நாட்டைச் சொல்லும்: ஏ அமெரிக்கா, பி பிரேசில், எஸ் சிங்கப்பூர். விற்பவர் "1980 மாடல்" என்று சொல்லி 27-இல் தொடங்கும் எண்ணைக் காட்டினால் அவருக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். விலை பேச இடம் இருக்கிறது.

அடுத்து, பேட்டரி மூடியைத் திறந்து ஒரு படம். இதைத் தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். பச்சையாகவோ வெள்ளைப் பொடியாகவோ இருந்தால் பேட்டரி கசிந்திருக்கிறது. லேசாக இருந்தால் சரி செய்துவிடலாம். தகட்டின் மினுக்கே போய்க் கறுத்துத் தின்றிருந்தால் விட்டுவிடுங்கள். திரையின் ஓரத்தில் மைக்கறை போல இருந்தால் அதற்கு மருந்து கிடையாது, நாளாக நாளாகப் பரவும்.

பட்டனில் எழுத்து தேய்ந்திருக்குமோ என்ற கவலை வேண்டாம். பட்டனின் முகத்தில் உள்ள எழுத்து மேலே அச்சடித்தது அல்ல. வேறு நிறப் பிளாஸ்டிக்கையே உள்ளே வார்த்துச் செய்தது. நாற்பது வருடம் விரல் பட்டும் அழியாததற்குக் காரணம் அதுதான். இன்றைக்கு வாங்கும் ரிமோட்டில் ஆறு மாதத்தில் எண் அழிகிறது.

மூன்றாம் படி: சுத்தம்

கருவி வந்தவுடன் பேட்டரி போட்டுப் பார்க்கக் கை துறுதுறுக்கும். பொறுங்கள். ஆல்கலைன் பேட்டரி கசிவு காரத்தன்மை கொண்டது. காது குடையும் பட்ஸ் ஒன்றை வினிகரில் தொட்டு, சொட்டாமல் பிழிந்து, தொடுதகட்டை மெல்லத் துடையுங்கள். எலுமிச்சைச் சாறும் இதைச் செய்யும், ஆனால் பிசுக்கு விடும். நுரை அடங்கியதும் மொபைல் ரிப்பேர் கடைகளில் கிடைக்கும் ஐ.பி.ஏ. (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) திரவத்தால் இன்னொரு முறை துடைத்து, மின்விசிறிக் காற்றில் அரை நாள் காயவிடுங்கள். மினுக்கம் வராவிட்டால் பென்சில் அழிரப்பரால் இரண்டு இழுப்பு. உப்புத்தாள் வேண்டவே வேண்டாம்.

வெளிப்பக்கம் துடைக்க ஈரத்துணி போதும். முகத்தகட்டில் தின்னர் படக் கூடாது. திறந்து பார்க்கும் ஆசை வரும். பின்பக்க ரப்பர் கால்களுக்கு அடியில் திருகுகள் இருக்கின்றன. வேலை செய்யும் கருவியைத் திறக்காதீர்கள் என்பதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

நான்காம் படி: பேட்டரி

மூன்று சின்ன பட்டன் செல். கடையில் கேட்டால் எல்ஆர்44 எடுத்துத் தருவார்கள், எங்கும் கிடைக்கும், மலிவு. அது ஆல்கலைன். கசிவதும் அதுதான். கொஞ்சம் கூடக் கொடுத்து எஸ்ஆர்44 வாங்குங்கள். வாட்ச் கடையில் '357' என்று கேட்டாலும் புரியும். அளவு ஒன்றுதான், உள்ளே வெள்ளி ஆக்சைடு. கசிவது அரிது, கடைசிவரை மின்னழுத்தம் தளராமல் நிற்கும். என் கருவியில் ஒரு செட் ஆறு வருடம் ஓடியது.

2011, 2023 பதிப்புகளுக்கு இது பொருந்தாது, அவற்றுக்கு சிஆர்2032 இரண்டு.

ஐந்தாம் படி: சோதனை

இனி வருபவை எண்பதுகளின் 15சி-க்கு உரியவை. கருவியை அணைத்துவிட்டு ஆன் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். பிடித்தபடியே பெருக்கல் பட்டனையும் அழுத்துங்கள். முதலில் ஆனை விடுங்கள், பிறகு பெருக்கலை விடுங்கள். திரையில் 'ஓடுகிறது' என்ற பொருளில் ஓர் ஆங்கிலச் சொல் மின்னும். அரை நிமிடம் வரை காத்திருந்தால் பத்து 8-கள் வரிசையாக வந்து நிற்கும், திரையில் உள்ள அத்தனை குறிகளும் ஒளிரும். ஏதாவது ஒரு 8-இல் கால் இல்லை என்றால் திரையில் பழுது. 'எரர் 9' என்று வந்தால் உள்ளே சிப்பில் பழுது.

அடுத்தது பட்டன்களுக்கு. மேலே சொன்ன மாதிரியே, பெருக்கலுக்குப் பதில் வகுத்தல். பிறகு மேல்வரிசையில் தொடங்கி இடமிருந்து வலமாக, ஒவ்வொரு பட்டனாக அழுத்திக்கொண்டே வாருங்கள். என்டர் இரண்டு வரிசைக்கும் பொது என்பதால் மூன்றாம் வரிசையில் ஒரு தடவை, நான்காம் வரிசையில் ஒரு தடவை அழுத்த வேண்டும். எல்லாம் சரி என்றால் கடைசியில் 15 என்று தன் பெயரைச் சொல்லும். ஒரு பட்டன் தவறினாலும், நீங்கள் வரிசை தவறினாலும் எரர் 9. பயந்துவிடாதீர்கள், முதல் தடவை எல்லோரும் வரிசை தவறுவார்கள்.

மூன்றாவதாக ஒரு வேடிக்கைச் சோதனை. நீல ஜி பட்டனும் 7-உம் அழுத்தி டிகிரிக்கு மாற்றுங்கள். தங்க நிற எஃப், 7, 9 அழுத்தினால் ஒன்பது தசம இடம் காட்டும். இப்போது 9 என்று போட்டு சைன், காஸ், டேன் மூன்றையும் வரிசையாக அழுத்துங்கள். அப்புறம் போன வழியே திரும்புங்கள்: டேன், காஸ், சைன் ஆகியவற்றின் எதிர்ச்சார்புகள். கணக்குப்படி 9 வர வேண்டும். 15சி 9.000417403 என்று காட்டும். இது கோளாறு இல்லை. பத்து இலக்கத்துக்குள் மடக்கி மடக்கி வைத்ததில் ஒட்டிய தூசு. ஒவ்வொரு சிப் குடும்பத்துக்கும் இந்தத் தூசு வேறு மாதிரி இருக்கும். ரேகை பார்ப்பது போல, எந்தக் கருவிக்குள் எந்தச் சிப் என்று இதை வைத்தே கண்டுபிடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

பழைய ஆளின் புரோகிராம் உள்ளே குப்பையாகக் கிடந்தால் ஆனைப் பிடித்துக் கழித்தலை அழுத்துங்கள், எல்லாம் அழிந்துவிடும். புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் ஐரோப்பிய வழக்கில் காற்புள்ளி வந்தால் ஆனைப் பிடித்துப் புள்ளிப் பட்டனை அழுத்தினால் மாறும்.

ஆறாம் படி: பேச்சு வழக்கில் பழகுவது

தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதாக நினையுங்கள். கருவிக்குள் நான்கு தட்டு. மேல்தட்டு எக்ஸ், திரையில் தெரிவது அது. அதற்கடியில் ஒய், இசட், டி. என்டர் அழுத்தினால் எக்ஸில் இருப்பது ஒய்க்கும் போகும், ஒய்யில் இருந்தது இசட்டுக்கு, இப்படி ஒவ்வொன்றாகத் தள்ளிப்போகும். கூட்டல் அழுத்தினால் மேலே உள்ள இரண்டு தட்டையும் எடுத்து ஒன்றாக்கி மேலேயே வைக்கும். இவ்வளவுதான் முழு இலக்கணமும்.

முதல் பாடம்: 3, என்டர், 4, +. நடுவில் என்டர் ஏன்? இல்லாவிட்டால் 34 ஆகிவிடும். இரண்டு எண்ணுக்கு நடுவே விடும் மூச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் பாடம்: மூன்றையும் நான்கையும் கூட்டு, ஐந்தையும் ஆறையும் கூட்டு, இரண்டையும் பெருக்கு. வாயால் சொன்னதை அப்படியே விரலால் சொல்லுங்கள். 3, என்டர், 4, +, 5, என்டர், 6, +, ×. விடை 77. முதல் கூட்டலில் வந்த 7 எங்கே போயிற்று என்று நீங்கள் கவலைப்படவில்லை. 5 போட்டவுடன் அது தானே அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. கணக்கு முடிந்த பிறகு வரும் எண்ணுக்கு என்டர் தேவையில்லை. தொடர்ந்தாற்போல் இரண்டு எண் தட்டும்போதுதான் தேவை. புதிதாகப் பழகுபவர்கள் ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் என்டர் தட்டுவார்கள். நானும் ஒரு மாதம் தட்டினேன்.

மூன்றாம் பாடம்: கழித்தலிலும் வகுத்தலிலும் வரிசை முக்கியம். 20-இலிருந்து 8-ஐக் கழி: 20, என்டர், 8, −. மாற்றிப் போட்டுவிட்டீர்களா? எக்ஸையும் ஒய்யையும் இடம் மாற்றும் பட்டனை அழுத்திவிட்டுக் கழியுங்கள்.

நான்காம் பாடம் கடைக்கணக்கு. 1,250 ரூபாய்க்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி: 1250, என்டர், 18, ஜி, சதவீதம். திரையில் 225, அது வரி. இப்போது + அழுத்தினால் 1,475. முதல் தொகையை அது மறக்காமல் கீழே வைத்திருக்கிறது. வரி எவ்வளவு, மொத்தம் எவ்வளவு என்று இரண்டையும் பார்த்தாயிற்று.

ஐந்தாவதாக ஒரு சூட்சுமம். ஒரே எண்ணால் பல எண்களைப் பெருக்க வேண்டும் என்றால் 1.18 போட்டு என்டரை மூன்று முறை தட்டுங்கள். நான்கு தட்டிலும் 1.18 நிரம்பிவிடும். 450, ×. வருவது 531. திரையை அழித்துவிட்டு 620, ×. வருவது 731.60. கடைசித் தட்டு காலியாவதே இல்லை, அட்சய பாத்திரம் மாதிரி தன்னைத்தானே நிரப்பிக்கொண்டே இருக்கும். விலைப்பட்டியல் போட இதைவிட வேகமான வழி எனக்குத் தெரியாது.

இதில் எனக்குப் பெரிய லாபமாகப் படுவது வேகம் அல்ல. ஒவ்வொரு அடியிலும் நடுவிடை கண்ணில் படுகிறது. நீளமான கோவையை அடைப்புக்குறிகளோடு தட்டிச் சமக்குறி போட்டால் ஒரே ஓர் எண் வரும், நம்ப வேண்டியதுதான். இங்கே தூணின் சுமை 84 வர வேண்டிய இடத்தில் 840 வந்தால் அங்கேயே கை நிற்கும். 6÷2(1+2) எவ்வளவு என்று வாட்ஸ்அப்பில் அடிக்கடி சண்டை வரும். சில கால்குலேட்டர் 1 என்னும், சில 9 என்னும். ஆர்.பி.என்-இல் அந்தக் கேள்வியே எழாது. எதை முதலில் செய்வது என்று நீங்கள் தீர்மானிக்காமல் அது ஒன்றும் செய்யாது.

ஏழாம் படி: நிலத்தில் இறங்குவது

முக்கோண மனை ஒன்று. பக்கங்கள் 130, 140, 150 அடி. எத்தனை சென்ட்? மூன்று பக்கம் தெரிந்தால் ஹெரான் வாய்ப்பாடு போதும்: சுற்றளவில் பாதி எடு, அதிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழி, நான்கையும் பெருக்கு, வர்க்கமூலம் எடு. பார்த்தீர்களா, இந்த வாக்கியமே ஆர்.பி.என்.

130, என்டர், 140, +, 150, +, 2, ÷. திரையில் 210. இதை எஸ்டிஓ, 0 அழுத்தி ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள். பெட்டியில் உள்ளதைத் திரும்ப எடுக்க ஆர்சிஎல். ஆர்சிஎல், 0, 130, −, × என்றால் 16,800. மறுபடி ஆர்சிஎல், 0, 140, −, ×: 11,76,000. இன்னொரு முறை 150-க்கு: 7,05,60,000. வர்க்கமூலம்: 8,400 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்பதால் 435.6, ÷. விடை 19.28 சென்ட்.

தினமும் செய்கிற கணக்கு என்றால் புரோகிராமாக எழுதி வையுங்கள். ஜி, பி/ஆர் அழுத்தினால் எழுதும் நிலைக்குப் போகும். எஃப், எல்பிஎல், ஏ என்று பெயர் வையுங்கள். பிறகு கையால் செய்ததையே ஒரு தடவை செய்து காட்டுவதுதான் புரோகிராம்: ஆர்சிஎல் 1, ஆர்சிஎல் 2, +, ஆர்சிஎல் 3, +, 2, ÷, எஸ்டிஓ 0, ஆர்சிஎல் 0, ஆர்சிஎல் 1, −, ×, ஆர்சிஎல் 0, ஆர்சிஎல் 2, −, ×, ஆர்சிஎல் 0, ஆர்சிஎல் 3, −, ×, வர்க்கமூலம், 435.6, ÷, முடிவில் ஜி, ஆர்டிஎன். மொத்தம் 29 வரி. தட்டும்போது திரையில் பட்டனின் பெயர் வராது, அதன் இருப்பிடம் வரும். வர்க்கமூலத்துக்கு 11, அதாவது முதல் வரிசை, முதல் பட்டன். சினிமா தியேட்டர் சீட்டு எண் போலத்தான்.

மறுபடி ஜி, பி/ஆர் அழுத்தி வெளியே வாருங்கள். 130, எஸ்டிஓ, 1. 140, எஸ்டிஓ, 2. 150, எஸ்டிஓ, 3. பிறகு எஃப், ஏ. இரண்டு மூன்று விநாடி யோசித்துவிட்டு 19.2837 என்று சொல்லும். கருவியை அணைத்தாலும் புரோகிராம் போகாது.

எட்டாம் படி: சமன்பாட்டை அதனிடமே விடுவது

ஒரு கோணத்தின் காஸ் அந்தக் கோணத்துக்கே சமம் என்றால் கோணம் எவ்வளவு? காகிதத்தில் தீர்க்க வழி இல்லை. 15சி-யில் ஜி, 8 அழுத்தி ரேடியனுக்குப் போங்கள். எழுதும் நிலைக்குப் போய் எஃப், எல்பிஎல், பி, காஸ், −, ஜி, ஆர்டிஎன். உள்ளே இரண்டே கட்டளை. ஏனென்றால் தீர்க்கும்போது கருவி நான்கு தட்டையும் ஒரே எண்ணால் நிரப்பிக்கொள்ளும்; ஒன்றுக்குக் காஸ் எடுத்து, கீழே இருப்பதிலிருந்து கழித்தால் போதும். வெளியே வந்து 0, என்டர், 1, எஃப், சால்வ், பி. பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே தேடு என்கிறோம். திரை மின்னிக்கொண்டே இருக்கும். பொறுமையாக இருங்கள், 1982-இன் சிப் அது. 0.7391 என்று வந்து நிற்கும்.

டிகிரிக்குத் திரும்ப மறக்காதீர்கள். ரேடியனில் விட்டுவிட்டு மறுநாள் கூரைச் சரிவு போட்டு நான் திண்டாடியது உண்டு. ரேடியனில் இருக்கும்போது திரையின் அடியில் சின்னக் குறி ஒன்று தெரியும், அதைப் பார்க்கப் பழகிக்கொண்டால் தப்பலாம்.

அப்புறம், வைத்துக்காப்பது

வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டில் வைக்காதீர்கள், திரை கறுக்கும். மாதக்கணக்கில் எடுக்கப் போவதில்லை என்றால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். திரையின் இடது மூலையில் ஒரு நட்சத்திரக் குறி மின்னினால் பேட்டரி தீரப் போகிறது என்று பொருள். அப்போது அணைத்துவிட்டு, புதிய செல்களைப் பக்கத்தில் தயாராக வைத்துக்கொண்டு, சட்டென்று மாற்றுங்கள். விரல் சுறுசுறுப்பாக இருந்தால் உள்ளே எழுதியது அழியாது. ஆனால் அதை நம்பி இருக்க வேண்டாம்.

அலுவலகத்தில் யாராவது இரவல் கேட்டால் தாராளமாகக் கொடுங்கள். "சமக்குறி எங்கே சார்?" என்று ஒரு நிமிடத்தில் திரும்பி வந்துவிடும். என் கருவியின் தோல் உறைக்குள் நாலாக மடித்த ஒரு கோடு போட்ட தாள் இருக்கிறது. மேலே சொன்ன 29 வரியும் அதில் பென்சிலில் எழுதியிருக்கிறது. இரண்டு தடவை அதைப் பார்த்துத் திரும்பத் தட்டியிருக்கிறேன்.